மூன்றாவது சீட்டு

மார்க்கையன்கோட்டையில் அந்தக் கிறிஸ்தவச் சபைக்கு ஐம்பது அறுபது பேர் வருவார்கள். தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஊரையே எழுப்பிவிடும் ஒரு ஸ்பீக்கர். மற்ற ஊர் விசுவாசிகள் ஜெபித்துவிட்டு, கர்த்தர் ஏதாவது ஒரு வழியில் பேசுவார் என்று காத்திருப்பார்கள். இவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பதில் எழுத்தில் வேண்டும். மூன்று நாள் உபவாசம் இருந்து, இரண்டு சீட்டு எழுதி, ஒரே மாதிரி மடித்து, வேதப்புத்தகத்துக்குள் வைத்து, முழங்காலில் நின்று ஒன்றை எடுப்பார்கள். கையில் வந்தது எதுவோ அதுதான் கர்த்தரின் சித்தம். போர்வெல் எங்கே போடுவது, பெண்ணை எந்த மாப்பிள்ளைக்குக் கொடுப்பது, சினை மாட்டை விற்பதா வைத்துக்கொள்வதா, எல்லாவற்றுக்கும் சீட்டுதான். சபைக்கு இடம் வாங்கியதே சீட்டுப் போட்டுத்தான் என்று பாஸ்டர் வருஷத்துக்கு நான்கு தடவையாவது சொல்வார். அந்த இடத்தில் மழைக்காலத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சீட்டுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒரு தடவைதான் எடுக்க வேண்டும். வந்தது பிடிக்கவில்லை என்று மறுபடி எடுப்பவன் கர்த்தரோடு பேரம் பேசுகிறவன் என்று பாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சொர்ணலதாவுக்கு அந்தச் சட்டம் நன்றாகத் தெரியும். அவள் கல்யாணமே அப்படித்தான் முடிவானது. அப்போது சீட்டை எடுத்தவன் அவளுடைய அண்ணன் சுந்தரலிங்கம். அப்பா செத்த பிறகு பதினெட்டு வயதில் ஜீப் ஓட்டப் போனவன். விடியுமுன்னே கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறி, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் அவர்களை ஏற்றிக்கொண்டு இறங்குவான். இருபத்தைந்து வருஷம் அந்த வளைவுகளில் ஒரு ஆளைக்கூடக் கீழே போடாதவன். அந்தச் சம்பாத்தியத்தில் தங்கச்சியைப் படிக்க வைத்தான், தையல் மிஷின் வாங்கித் தந்தான், வாழைத்தார் லோடு ஓட்டும் கார்த்திக்ராஜுக்குக் கட்டிக் கொடுத்தான். ஜெபம் என்றால் அவனுக்கு வேறு யோசனையே கிடையாது. கர்த்தர் சொன்னால் சொன்னதுதான்.

அப்பேர்ப்பட்டவனுக்கு நாற்பத்து நான்கு வயதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பிரஷர் இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் ஜீப்பிலிருந்து இறங்கியவன் கால் வீங்கிப்போய்ச் செருப்பு மாட்ட முடியாமல் நின்றான். அன்றிலிருந்து இரண்டு வருஷமாகத் திங்களும் வியாழனும் காலை ஆறே கால் பஸ்ஸைப் பிடித்துத் தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தான். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும் ஊரில் ஒருவன் தாகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைப்பான் என்றார்கள். மனைவி பாண்டீஸ்வரிக்குச் சர்க்கரை இருந்ததால் அவள் கொடுக்க முடியாது. பிள்ளையில்லை. மிச்சம் ஒரே ஒரு தங்கச்சி. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சொர்ணலதாவைப் பரிசோதித்தார்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

பொருந்திவிட்டது என்று கேட்டபோது எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். சொர்ணலதாவும் சொன்னாள். ஆனால் அவளுக்குப் பிள்ளைகள் ஞாபகம்தான் வந்தது. மூத்தவள் பதினொன்றாவது, இளையவள் எட்டாவது. ஒரு கத்தி விலாவுக்குக் கீழே இறங்கப்போகிறது என்ற நினைப்பு வரும்போதெல்லாம் மிஷினில் ஊசி தடுமாறியது. இரண்டு ஜாக்கெட்டைக் கை மாற்றித் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தாள்.

யாராவது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. ஒருத்தரும் சொல்லவில்லை. கார்த்திக்ராஜ், "ஒன் ஒடம்பு, ஒங்கண்ணன். நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்று லாரி சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அண்ணன் ஒரு நாளும் கேட்கவே இல்லை. "வேணாம்த்தா, ஒனக்குப் பிள்ளைக இருக்கு. நான் இப்பிடியே ஓட்டிக்கிருவேன்" என்றுதான் சொன்னான். மதினி பாண்டீஸ்வரியும் கேட்கவில்லை. ஆனால் அவள் பார்க்கும் பார்வை கேட்டது.

மதுரையில் ஒரு பெண் டாக்டர் அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். "அம்மா, உங்களுக்கு விருப்பமில்லைன்னா இப்பவே சொல்லலாம். வீட்டுல யார்கிட்டயும் நாங்க சொல்ல மாட்டோம். உங்க உடம்புக்குச் சரிப்படலைன்னு நாங்களே சொல்லிக்கிறோம்."

சொர்ணலதா அந்த டாக்டரின் கையைப் பிடித்து அழுதிருக்கலாம். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "கர்த்தர்கிட்ட கேட்டுச் சொல்றேன் டாக்டர்" என்றாள். ஒரு மனுஷியிடம் கேட்ட கேள்வியைத் தூக்கிக் கர்த்தரின் தலையில் கட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் உபவாசம் இருந்தாள். உண்மையான உபவாசம்தான், அதில் குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். கார்த்திக்ராஜ் கொச்சிக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். தையல் அளவு எழுதும் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து இரண்டாக்கி ஒன்றில் 'கொடு' என்றும் இன்னொன்றில் 'வேண்டாம்' என்றும் எழுதினாள். மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். கண்ணை மூடி வெகுநேரம் ஜெபித்தாள். எடுத்தாள்.

கொடு.

அதைக் கையில் வைத்துக்கொண்டு முழங்காலிலேயே இருந்தாள். பிறகு யோசித்தாள். இந்தச் சீட்டைக் கொஞ்சம் தடிமனாக மடித்துவிட்டோமோ? விரல் தானாகத் தடிமனைத்தானே தேடும்? இது கர்த்தர் எடுத்ததா, விரல் எடுத்ததா? புதுத்தாள் கிழித்து, கத்தரிக்கோலால் அளவாக வெட்டி, திரும்ப எழுதினாள். தையல்காரி வெட்டிய சீட்டு, ஒரு நூல் பிசகாது.

கொடு.

இந்தத் தடவை அழுதாள். வேதத்திலேயே ஒருத்தர் கர்த்தரிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அடையாளம் கேட்கவில்லையா, கர்த்தர் அவரைக் கோபித்தாரா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு தடவை கேட்டாயிற்றே, அந்தக் கணக்கும் முடிந்துவிட்டதே என்று மனசு சொன்னதை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாவது தடவை ஜெபிக்கக்கூட இல்லை. கையை விட்டு எடுத்தாள்.

வேண்டாம்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று எழுந்தாள். எல்லாச் சீட்டையும் அடுப்பில் போட்டுவிட்டு முகம் கழுவினாள். சாயங்காலம் அண்ணனிடமும் பாஸ்டரிடமும் போய், கர்த்தர் வேண்டாம் என்றுவிட்டார் என்று சொன்னாள்.

மறுநாள் ஆராதனையில் பாஸ்டர் மைக்கைப் பிடித்துச் சபைக்கு அறிவித்தார். நம்முடைய சகோதரி மூன்று நாள் உபவாசமிருந்து விசாரித்தாள், கர்த்தர் வேண்டாம் என்று பதில் கொடுத்தார், சொந்தப் பாசத்தை ஒதுக்கிவைத்துக் கீழ்ப்படிந்தாள், கர்த்தர் அடைத்த கதவை மனுஷன் தட்டக்கூடாது என்றார். பெண்கள் "ஆமென்" என்றார்கள். இரண்டு பேர் சொர்ணலதாவின் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சுந்தரலிங்கம் இரண்டு கைகளையும் உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னான். ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போயிருந்த கை. சொர்ணலதா திரும்பிப் பார்த்தாள், உடனே முன்னால் திரும்பிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் கோழிக் குழம்பு வைத்தாள். இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். மூன்று மாதத்தில் அவளுக்கு அப்படிப் பசித்ததே இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பாண்டீஸ்வரி தலையைக்கூட முடியாமல் ஓடி வந்தாள்.

"லதா, ஒங்கண்ணன் பஸ்ஸுக்குப் போகல. கெளம்புங்கன்னா பேசாம உக்காந்திருக்காக. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு."

சொர்ணலதா போனாள். சுந்தரலிங்கம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கட்டிலில் அமைதியாக உட்கார்ந்திருந்தான்.

"என்னண்ணே இது? ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"இனிமே எதுக்குத்தா?" என்றான். "ரெண்டு வருசமா நான் கேட்டதும் இதத்தான். ஆண்டவரே, நான் இருக்கணும்னா வழியக் காட்டும், இல்லையின்னா கூப்பிட்டுக்கிரும்னு. இருந்தது ஒரே வழி. அதையும் அவரே அடைச்சிட்டாருன்னா என்ன அர்த்தம்? என்னையக் கூப்பிடுறாரு. வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஒன் வாயால வந்துச்சு. நீ எங்கிட்டப் பொய் சொன்னதில்ல."

அவன் முகத்தில் கோபமோ துக்கமோ இல்லை. "அப்பிடியில்லண்ணே, கிட்னிதான வேணாம்னாரு..." என்று ஏதோ உளறினாள்.

"அவரு பேசுறத நம்ம வசதிக்கு வெட்டித் தைக்கக் கூடாதுத்தா" என்று சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை பாஸ்டர் வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. விஷயம் கேள்விப்பட்டுப் பதறித்தான் வந்தார். "தம்பி, சீட்டுப் போட்டது ஆபரேஷனுக்கு. டயாலிசிஸை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலையே. ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கெஞ்சினார்.

"ஐயா, நீங்கதான மைக்ல சொன்னீக, கர்த்தரு அடைச்ச கதவத் தட்டக்கூடாதுன்னு" என்றான் சுந்தரலிங்கம். பாஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஜெபித்துவிட்டுப் போனார். கர்த்தர் பெயரில் சொன்ன சொல்லை மனுஷன் திரும்ப வாங்குவது லேசில்லை என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை கால் வீங்கியது. வியாழக்கிழமை முகம் வீங்கியது. அன்று ஆறே கால் பஸ் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. இரண்டு வருஷப் பழக்கத்தில் டிரைவர் அவனுக்காக ஒரு நிமிஷம் நிற்பார். பாண்டீஸ்வரி புருஷன் காலில் விழுந்தாள். சபைப் பெண்கள் நான்கு பேர் சுவரோரம் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். சொர்ணலதா வாசலில் நின்றாள். பஸ் போய்விட்டது.

சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைக்காமல் இல்லை. ஒவ்வொரு நாளும் அதற்காகத்தான் அந்த வாசலுக்கு வந்தாள். வந்ததும் வேறு எதையாவது பேசிவிட்டுத் திரும்பிவிடுவாள். கர்த்தர் இரண்டு தடவை கொடு என்று சொன்னதை மறைத்தவள் என்று ஊரே காறித் துப்பும். பிள்ளைகள் அந்தச் சபைக்குள் எப்படித் தலைநிமிர்ந்து போகும்? இதெல்லாம் மேலுக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உள்ளே வேறு ஒன்று இருந்தது. சொன்னால் அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அவளிடம் இன்னும் பதில் இல்லை.

சனிக்கிழமை லோடு இறக்கிவிட்டு வந்த கார்த்திக்ராஜ், மச்சானைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். "இழுத்து இழுத்து மூச்சு விடுறாரு. படுக்க முடியல. உக்காந்த மேனிக்கே இருக்காரு" என்றவன் சாப்பாட்டைத் தொடவில்லை.

அவன் தூங்கியதும் சொர்ணலதா அளவு நோட்டை எடுத்தாள். சொல்வதா வேண்டாமா என்று கர்த்தரிடமே கேட்டுவிடலாம் என்று தாளைக் கிழித்தாள். 'சொல்' என்று எழுதினாள். அடுத்த தாளில் பேனாவை வைத்தபோது கை நின்றுவிட்டது. இதைக்கூடவா கேட்க வேண்டும்? ஒருவன் மூச்சுக்குத் திணறுகிறான், அவனைத் திணற வைத்த பொய்யைச் சொல்லலாமா கூடாதா என்று கர்த்தர் வந்து சீட்டில் எழுதித் தர வேண்டுமா? எழுதாமலே தெரிந்ததையெல்லாம் எழுதி எழுதித்தான் இத்தனை நாளும் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்று அவளுக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அதுவரை வெட்கம் என்று நினைத்ததெல்லாம் வெட்கமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். மதினி கொல்லைக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சுந்தரலிங்கம் மூன்று தலையணைக்கு மேல் சாய்ந்திருந்தான். கண் இமை வீங்கிப் பாதிதான் திறந்தது. சொர்ணலதா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே சொன்னாள், இல்லாவிட்டால் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணே, நான் சீட்டு ஒரு தடவை எடுக்கல. மூணு தடவை எடுத்தேன்."

அவன் மெதுவாகத் திரும்பினான்.

"மொதத் தடவை குடுன்னு வந்துச்சு. ரெண்டாவது தடவையும் குடுன்னுதான் வந்துச்சு. மூணாவதுதான் வேணாம்னு வந்துச்சு. நான் அத மட்டும் சொன்னேன்."

கன்னத்தில் அறைவான் என்று காத்திருந்தாள்.

"அப்ப கர்த்தரு என்னையக் கூப்பிடலையா?"

"இல்லண்ணே."

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. செத்துப்போகத் தயாராகி, வேட்டி கட்டி உட்கார்ந்தவன், அப்போதுதான் பயந்தவன் மாதிரி அறையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"இப்பக் குடுப்பியாத்தா?"

குடுக்கிறேண்ணே என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அந்த ஒரு சொல்லுக்காகத் தன் உயிரையே கூடக் கொடுத்திருப்பாள், ஆனால் சொல் வரவில்லை. இனி ஒரு பொய்யை அண்ணனிடம் சொல்ல அவளால் முடியாது.

"பயமா இருக்குண்ணே."

அவன் கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தான். கை கனமாக, குளிர்ந்து இருந்தது. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான்.

"இதத்தானத்தா மொதல்லயே சொல்லியிருக்கணும். தங்கச்சிக்குப் பயமா இருக்குன்னா சரின்னுட்டு நான்பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிருப்பேன்ல. அன்னைக்கு நான் என்ன ஒங்கிட்டக் கிட்னியா கேட்டேன்? கர்த்தரு வேணாம்னுட்டாருன்னுல்ல சொன்ன."

சொர்ணலதா அவன் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

"அழுகாத. வண்டியக் கூப்பிடச் சொல்லு. இன்னும் நேரம் இருக்கு." கொல்லைப் பக்கம் பார்த்தான். "ஒங்க மதினிகிட்ட மட்டும் இதச் சொல்லிராத. அவ தாங்க மாட்டா. ஒன்னையும் விடமாட்டா."

108 சின்னமனூரிலிருந்து வர இருபது நிமிஷம் ஆயிற்று. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது சுந்தரலிங்கம் தானே பிடித்துக்கொண்டான். ஆக்சிஜன் மாட்டினார்கள். பாண்டீஸ்வரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், சொர்ணலதா கால்மாட்டில் உட்கார்ந்தாள். சீலையம்பட்டி தாண்டியதும் அவன் ஏதோ சொல்ல வந்து மாஸ்க்கைப் பிடித்து இழுத்தான், கை சரிந்தது, மூச்சு நின்றது. கூட வந்த செவிலியர் நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார். வீரபாண்டி வரைக்கும் அமுக்கிக்கொண்டே வந்தார். தேனி ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் சபை முழுக்க நின்றது. பாண்டீஸ்வரி அழவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "கடைசியில மனசாரத்தான் போனாக. கர்த்தரு கூப்பிட்டாருன்னு சந்தோசமாப் போனாக. என் அழுகையப் பொறுக்கமாட்டாமத்தான் வண்டியில ஏறுனாக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நின்றாள் என்பது சொர்ணலதாவுக்குத் தெரிந்தது. அண்ணன் சொல்லிவிட்டுப் போனதும் காதில் இருந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. செத்தவனே அனுமதி கொடுத்திருக்கிறான்.

பாஸ்டர் ஜெபித்தார். கர்த்தருடைய வழிகள் நமக்கு விளங்காது என்றார். குரலில் பழைய கம்பீரம் இல்லை. "கூடப் பிறந்த தங்கச்சி ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லட்டும்" என்று விலகி நின்றார்.

சொர்ணலதா முன்னால் வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை, எந்த அடையாளத்துக்கும் காத்திருக்கவில்லை.

"கர்த்தரு வேணாம்னு சொல்லல" என்றாள். "ரெண்டு தடவை குடுன்னுதான் சீட்டு வந்துச்சு. எனக்குப் பயம். மூணாவது தடவை எடுத்து, அதக் கர்த்தரு சொன்னாருன்னு சொன்னேன். எங்கண்ணன் அத நம்பித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகல."

எதற்கும் ஆமென் சொல்கிற சபை அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. கார்த்திக்ராஜ் தரையைப் பார்த்தான். பாண்டீஸ்வரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நேரே அவள் முன்னால் நின்றாள்.

"ஒங்கண்ணனுக்கு இது தெரியுமா?"

"நேத்துக் காலையில சொன்னேன் மதினி."

"என்ன சொன்னாக?"

"வண்டியக் கூப்பிடச் சொன்னாக."

பாண்டீஸ்வரி கேட்பதற்குப் பயந்துகொண்டே கேட்டாள்.

"பொழைக்கணும்னு நெனச்சாகளா லதா?"

"ஆமா மதினி."

"அப்ப போன திங்கக்கிழமையே நீ சொல்லியிருந்தா, அன்னைக்கே ஏறியிருப்பாக."

சொர்ணலதா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. மதினியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"அன்னைக்கே ஏறியிருப்பாக மதினி."

அதுவரை அழாமல் இருந்த பாண்டீஸ்வரி, அப்போதுதான் குழிமேட்டு மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.